கர்னலின் கொள்ளுப்பேத்தி

பிரேக் டீச்சருக்கு நாய் என்றாலே ஆகாது. எதிரே ஒரு நாய் வந்தால் போதும், அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தாலும் சரி, வயதாகித் தள்ளாடிக்கொண்டு வந்தாலும் சரி, டீச்சர் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில் ஒரு காலையில் புல்டாக் குட்டி ஒன்று தன் மூக்கைத் தானே நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? தெருவின் ஜன்னல் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. அவரும் அவர் கணவரும் சேர்ந்து டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை வைத்துத்தான் அந்தப் பட்டப்பெயர். எத்தனையோ பேர் உயிரையும், அதைவிட அதிகமாக முனை வீட்டு மதில் சுவரையும் காப்பாற்றிய பிரேக் அது. காலை நேரத்து வகுப்புகள் கணவருடையவை, மற்றதெல்லாம் டீச்சருடையவை. கணவருக்கும் ஒரு பெயர் உண்டு: சரி சார். கூரை இடிந்து விழுகிறது என்று சொன்னாலும் "சரி" என்பார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சுவரை நோக்கிக் காரை விட்டாலும் கத்தமாட்டார். அவர் சொல்லவேண்டியதையெல்லாம் அவர் வலது கால் சொல்லிவிடும். அவர் பிரேக் அடித்தால் பின் சீட்டில் இருப்பவர் முன் சீட்டுக்கு வந்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

குட்டியைக் கொண்டுவந்தவர் டீச்சரின் நாத்தனார், அதாவது சரி சாருடைய மூத்த அக்கா. புல்டாக் வளர்த்து, போட்டிகளுக்குக் கொண்டுபோய்க் கோப்பை வாங்குவதே அவருக்கு வாழ்க்கை. அவர் வீட்டில் சோபா நாய்களுக்கு, ஸ்டூல் விருந்தாளிகளுக்கு. அவர் வாசலில் கால் வைத்தாலே சரி சார் எழுந்து நின்றுவிடுவார். ஐம்பதை நெருங்குகிறவர், அக்காவைக் கண்டால் மட்டும் அரை டிராயர் போட்ட பையனாகிவிடுவார்.

நாத்தனார் அன்று வாசலில் நின்றபடியே, தெரு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்.

"இங்க பாரும்மா, இது சும்மா தர்ற குட்டி இல்ல. வம்சம் உள்ள குட்டி. ஒரு வயசு ஆகறதுக்குள்ள ஒரு ஷோவுக்காவது கொண்டு போகணும். அதுல முதல் மூணு இடத்துக்குள்ள வந்துட்டா என்கிட்டத் திரும்பி வந்துடணும், அதோட குட்டிங்க எனக்கு வேணும். வரலைன்னா உங்ககிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

"அதுக்கென்ன அண்ணி, இப்பவே வேணும்னாலும் திருப்பி எடுத்துட்டுப் போங்க," என்றார் டீச்சர், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "நான் தடுக்கவே மாட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டோம்.

"சரிக்கா," என்றார் சரி சார்.

குட்டிக்கு வம்சாவளிக் காகிதத்தில் இருந்த பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. உப்பிச் சிவந்து, நடுவில் லேசாக வெடித்திருந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரோ 'பன்னு' என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

முதல் சில நாட்கள் டீச்சர் படாதபாடு பட்டார். குட்டி விடும் குறட்டை, பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்புகிற மாதிரி இருக்கும். கிளம்பாமல் நின்றுவிட்டால் இன்னும் பயம், மூச்சு இருக்கிறதா இல்லையா என்று. டீச்சர் எட்ட நின்று துடைப்பக் குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்ப்பார். ஸ்கூட்டர் மறுபடி உறுமும். "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு விடுவார். நாய் பிடிக்காதவர் எதற்குப் பெருமூச்சு விடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே விஷயம் வெளியே வந்திருக்கும்.

வீட்டில் தனியாக விட முடியாததால் பன்னு காரின் பின் சீட்டுக்கு வந்து சேர்ந்தது. காலையில் சரி சாரோடு, பிறகு டீச்சரோடு, வகுப்பு எதையும் விடாமல் போய்வந்தது. இத்தனை வகுப்புக்கு வந்த மனிதர் யாராக இருந்தாலும் லாரியே ஓட்டியிருப்பார். கொஞ்ச நாளில் டீச்சர் கைப்பையில் லைசென்ஸ் காகிதங்களுக்கு நடுவே பஞ்சு உருண்டைகள் தென்பட்டன. முகத்து மடிப்புகளில் ஈரம் தங்கினால் புண் வந்துவிடுமாம். சிக்னலில் நிற்கும் நேரத்தில் பின்னால் திரும்பி மடிப்பு மடிப்பாகத் துடைத்துவிடுவார். "முகமா இது? அவசரத்துல மடிச்சு வெச்ச போர்வை," என்று திட்டிக்கொண்டேதான் துடைப்பார். எந்த நாளில் 'அது' போய் 'அவள்' வந்தது என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கவனித்தபோது காரியம் முடிந்திருந்தது.

குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் நாத்தனார் பாடம் நடத்த வந்தார். சாப்பாட்டு மேசையில் வம்சாவளிக் காகிதத்தை விரித்தார். பன்னு மேசைக்கு அடியில் அவர் செருப்பை மென்றுகொண்டிருந்தாள்.

"இடது ஓரத்துல இருக்கறது இவ. மேல் பாதி முழுக்க அப்பன் வழி, கீழ் பாதி முழுக்க ஆத்தா வழி. வலது பக்கம் ஒவ்வொரு கட்டமா நகர நகர ஒவ்வொரு தலைமுறை பின்னால போகும். சிவப்புல எழுதியிருக்கற பேரெல்லாம் சாம்பியன்."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். ஊரில் யாருக்கு யார் என்ன உறவு என்று அரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர், இதையும் அப்படித்தான் படித்தார். திடீரென்று விரல் நின்றது. மேலே ஒரு சிவப்பு 'கர்னல்'. கீழேயும் ஒரு சிவப்பு 'கர்னல்'.

"அண்ணி, இவளோட அப்பனுக்கு அப்பனைப் பெத்தவன் கர்னல். ஆத்தாளுக்கு அப்பனைப் பெத்தவனும் கர்னல். ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான். என்னோட கர்னல்!"

"அப்படின்னா இவ அப்பனும் ஆத்தாளும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க இல்ல ஆகுது? அண்ணன் தங்கச்சி முறை அண்ணி!" டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மேசைக்கு அடியில் இருந்த பன்னுவை அவர் பார்த்த பார்வையில், பாவம் இந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்ற கவலை தெரிந்தது.

நாத்தனாருக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "நாய்க்கு ஏதும்மா முறை? தெரிஞ்சேதான் செய்யறோம். கர்னல் தலை மாதிரி தலை, கர்னல் மாரு மாதிரி மாரு வேணும்னா, அவன் ரத்தம் ரெண்டு பக்கமும் இருக்கணும். ஆனா ஒண்ணு. நல்லது ரெட்டிப்பாகிற மாதிரியே கெட்டதும் ரெட்டிப்பாகும். அதனாலதான் பேரை மட்டும் பாக்கக்கூடாது, மூச்சைப் பாக்கணும். சிவப்பு எழுத்தா மூச்சு விடப்போகுது?"

அதோடு எழுந்து, பன்னுவை வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடத்தி, குனிந்து காதை வைத்துக் கேட்டார். டீச்சர் சமையலறைக் கதவைப் பிடித்தபடி தன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்கு. மூக்குத் துவாரம் பெருசா இருக்கு, சத்தம் கம்மி. கர்னலோட நெஞ்சு வந்திருக்கு, அவன் இழுப்பு வரலை."

டீச்சர் விட்ட மூச்சில் காலண்டர் ஆடியது. அடுத்த கணமே அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. இவள் நன்றாக இருந்தால் போட்டியில் ஜெயிப்பாள். ஜெயித்தால் போய்விடுவாள். தடுக்கவே மாட்டேன் என்று தெருவையே சாட்சி வைத்துச் சொன்ன வாய் தன்னுடையதுதான்.

நாத்தனார் மேற்கொண்டு பாடம் எடுத்தார். ரிங் என்கிற போட்டிக் களத்துக்குள் மெல்லிய கயிற்றில் இடது பக்கமாக நடத்த வேண்டும். அடியெடுத்து வைக்கும்போது பின்பக்கம் ஆடி அசைந்து வருவதுதான் புல்டாக்குக்கு அழகு. நடுவர் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார், அதற்கு இப்போதே பழக்க வேண்டும். வெயில் ஆகாது, ஈரத்துண்டு கூடவே இருக்க வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல, நாலு காலையும் ஊனி நிக்கணும். புதுசா நாய் வளர்க்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. முதல்ல 'உக்காரு'ன்னு சொல்லிக்கொடுத்துடுவாங்க. அப்புறம் அது ரிங்ல நடுவரைப் பாத்ததும் மரியாதையா உக்காந்துக்கும். உக்காந்த நாயை யார் பாப்பா? அந்த வார்த்தையே இந்த வீட்டுல கேக்கக்கூடாது."

"சரிக்கா," என்றார் சரி சார். அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போன விருந்தாளிகளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எங்கள் கால் வலிக்குக் காரணம் தெரிய வெகுநாள் ஆயிற்று.

பயிற்சி ஆரம்பமானது. டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில், காரை ரிவர்ஸ் எடுக்க நட்டு வைத்திருக்கும் கம்புகளுக்கு நடுவே டீச்சர் பன்னுவை நடத்தினார். நடை அற்புதமாக வந்தது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில், நடுவராக நடிக்க யாராவது கிட்டே வந்தால், பன்னு தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். வெறும் உட்காரல் இல்லை. நான்கு காலையும் நான்கு திசையில் பரப்பி, வயிறு தரையில் ஒட்ட ஒரு படுக்கை. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கை காட்டவில்லை. தின்பண்டம் நீட்டவில்லை.

"சோம்பேறித்தனம்," என்றார்கள் சிலர். "வம்சத்துல கோளாறு," என்றார்கள் கர்னல் விவகாரம் தெரிந்தவர்கள். அது யார் மூலம் தெரிந்தது என்பதை விடுங்கள்.

விடை சொன்னவர் வங்கி அம்மா. ஒரு வங்கியில் அதிகாரி. டீச்சரிடம் கார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ரொம்ப காலம் ஆகியும் கற்றுக்கொண்டே இருப்பவர். அன்று தன் முறைக்காகக் காத்துக்கொண்டு மர நிழலில் நின்றவர் கையைத் தட்டினார்.

"டீச்சர்! நாய் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பிரேக் போடறீங்க!"

"நான் எங்க பிரேக் போட்டேன்? கார் அங்க நிக்குது."

"உங்க வலது காலைப் பாருங்க. யாராவது கிட்ட வந்தா தரையை அழுத்தறீங்க. எத்தனை மாசமா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா அந்த அழுத்து? நீங்க அழுத்தறீங்க, அவ பரப்பிக்கிட்டுப் படுக்கறா."

அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. பின் சீட்டில் வளர்ந்தவள் அல்லவா பன்னு? முன்னால் ஒரு கால் அழுத்தினால் வண்டி குலுங்கி நிற்கும், உடனே காலைப் பரப்பிப் படுக்காவிட்டால் உருண்டு கீழே விழவேண்டியதுதான் என்பதை அவளாகவே கற்றுக்கொண்டிருந்தாள். யாரும் கற்றுக்கொடுக்காத பாடத்தை நாய் மறப்பதில்லை. டீச்சருக்கோ அந்தக் கால் தன்னுடையது என்ற நினைப்பே இல்லை. பஸ்ஸில் போனாலும் அழுத்துவார். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு அடியில் தரை அதிரும்.

சோதித்துப் பார்க்க சரி சாரைக் கூப்பிட்டார்கள். அவர் தூரத்தில் நின்று ஒரே ஒரு தட்டுத் தட்டினார். பன்னு பிடுங்கிய ஆணி மாதிரி விழுந்தாள்.

"உங்க பிரேக்குக்கு இன்னும் வேகமா விழறாளே!" என்று வங்கி அம்மா வியந்தார். சரி சார் வெட்கப்பட்டுக்கொண்டு "சரி" என்றார்.

வழி கண்டுபிடித்தவர் டீச்சர்தான். வலது கால் ஷூவுக்குள் சின்னதாக ஒரு ஜல்லிக் கல்லைப் போட்டுக்கொண்டார். அழுத்தினால் சுருக்கென்று குத்தும், கால் தானாக எழும்பிவிடும். தெருவில் கொஞ்ச நாள் நொண்டிக்கொண்டு நடந்தார். பன்னு நிற்க ஆரம்பித்தாள். அதுவும் எப்படி! மாரை முன்னால் தள்ளி, தாடையை நீட்டி, பாக்கி தரவேண்டியவனுக்காக வாசலில் காத்திருப்பவள் மாதிரி நின்றாள்.

ஷோவுக்கு முந்தைய நாள் டீச்சர் சமையலறையில் பாத்திரத்தை விளக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னார்.

"நாளைக்கு அவ ஜெயிச்சுட்டா என்ன பண்றது?"

சரி சார் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்லை எடுத்துட்டுப் போனா போதும். காலு தானா அழுத்தும், அவ படுத்துப்பா, வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம். ஆனா எப்படிங்க? ஒழுங்கா ஓட்டற பிள்ளைக்கு நான் என்னைக்காவது பிரேக் போட்டிருக்கேனா? சரியாத்தானே பண்ணேன், ஏன் நிறுத்தினேன்னு அது என்னைத் திரும்பிப் பாத்தா நான் என்ன சொல்றது? உங்க அக்காகிட்ட வார்த்தை வேற குடுத்திருக்கேன். நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்."

"சரி," என்றார் சரி சார்.

டீச்சர் பாத்திரத்தை வேகமாக விளக்கினார். இந்த மனிதரிடம் கேட்டதற்குப் பன்னுவிடமே கேட்டிருக்கலாம்.

ஷோ ஒரு பெரிய அரங்கத்தில். உள்ளே நுழைந்தால் பவுடர் வாசனையும் ஈர நாய் வாசனையும் சேர்ந்து வந்தன. எங்கே பார்த்தாலும் புல்டாக்குகள் ஈரத்துண்டுகளின் மேல், காற்றாடிகளுக்கு முன்னால், பெரிய வேலை முடித்துவிட்டு வந்த காண்டிராக்டர்கள் மாதிரி படுத்துக் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள்தான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேர்த்து வழிந்தார்கள். தரை முழுக்க மரப்பலகை, ரிங்குக்குள் மட்டும் பச்சைப் பாய்.

பன்னுவின் பிரிவில், ஒரு வயதுக்குட்பட்ட பெட்டைகள் ஐந்து. ஐந்தில் மூன்றுக்குப் பரிசு. டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தார், பிறகு கணக்குப் போட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். கையில் எண் கட்டி, ஷூவுக்குள் கல்லோடு உள்ளே போனார். வேலிக்கயிற்றுக்கு வெளியே நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் சரி சார், ஈரத்துண்டோடு.

நடுவர் நரைத்த மீசைக்காரர். ஒவ்வொரு நாயையும் முன்னால் இருந்து பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், மேலிருந்து பார்த்தார். உதட்டைத் தூக்கிக் கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கிறதா என்று பார்த்தார். பன்னுவிடம் வந்து குனிந்தபோது டீச்சரின் கால் பழக்கத்தில் கீழே போனது. கல் குத்தியது. கால் எழும்பியது. பன்னு அசையவில்லை.

இப்போதுதான் இருக்கிறது சங்கடம். கல்லைப் பொறுத்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினால் போதும். வலிக்கும், அவ்வளவுதானே? பன்னு படுத்துக்கொள்வாள். யாருக்கும் தெரியாது. டீச்சர் கீழே பார்த்தார். பன்னு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நான் சரியாகத்தானே நிற்கிறேன் என்று கேட்கிற முகம் அது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்த வாத்தியார் பிரேக் போடுவார்? டீச்சர் வலது குதிகாலைத் தரையிலிருந்து தூக்கியே வைத்துக்கொண்டார்.

"நடத்துங்க," என்றார் நடுவர்.

நடத்தினார். பன்னு மாரை அகட்டி, இடுப்பை ஆட்டி, கல்யாணப் பெண்ணின் அத்தை மாதிரி நடந்தாள். வெளியே யாரோ கை தட்டினார்கள். நாத்தனார் கையைப் பிரித்து வேலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

நடுவர் எல்லோரையும் கடைசியாக ஒருமுறை வரிசையாக நிற்கச் சொன்னார். ஒரு வெள்ளை நாயைச் சுட்டி முன்னால் வரச் சொன்னார். முதல் இடம். பழுப்பு நிறம் ஒன்றைச் சுட்டினார். இரண்டாவது. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, பன்னுவைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

தட்!

அரங்கமே திரும்பியது. பன்னு பாயின் மேல் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்து கிடந்தாள்.

டீச்சருக்கு மயக்கமே வந்துவிட்டது. ஐயோ, அழுத்திவிட்டேனா? குனிந்து தூக்கப் பார்த்தார். அந்தக் கனத்தை யார் தூக்குவது? "எழுந்திருடா கண்ணு, எழுந்திரு," என்று கெஞ்சினார். நடுவர் பொறுமையாகக் காத்திருந்தார். பன்னு கண்ணை மூடினாள். பழைய ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. ரிங்கைச் சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நடுவரும் சிரித்துக்கொண்டே கையைப் பக்கத்தில் இருந்த நாயின் பக்கம் திருப்பினார். மூன்றாவது.

அப்போதுதான் டீச்சருக்கு ஒன்று உறைத்தது. கால் வலிக்கவில்லை. குதிகால் இன்னும் தூக்கியபடிதான் இருக்கிறது. அப்படியானால் அந்தச் சத்தம்?

மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். வேலிக்கயிற்றுக்கு வெளியே, மரப்பலகையின் மேல், சரி சார் கூரையில் எத்தனை விளக்கு இருக்கிறது என்று மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வலது கால் மட்டும் பலகையை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

டீச்சர் பாயிலேயே பன்னுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தோற்றுப்போன துக்கம் என்று நினைத்து வெள்ளை நாய்க்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க, ரொம்ப ரொம்ப நன்றி," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு பாட்டில் தண்ணீருக்கு இவ்வளவா என்று அவர் பயந்து போனார்.

வெளியே வந்ததும் நாத்தனார் எதிரே நின்றார். நாத்தனார் டீச்சரைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"ஏண்டா, காலைத் தட்டினது நீதானே?"

இந்த இடத்தில் சரி சார் என்ன சொல்வார் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை.

"ஆமாக்கா."

"தெரிஞ்சேதானா?"

"தெரிஞ்சேதான். அவளைத் தர மாட்டேன்க்கா." குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. "இவ வார்த்தை குடுத்தவ, இவளால பிரேக் போட முடியாது. நான் 'சரி'ன்னுதான் சொன்னேன், அது எல்லாத்துக்கும் சொல்றது. காலையில முதல் ஆள் வர்ற வரைக்கும் நானும் பன்னுவும்தான் கார்ல. நான் அவகூடப் பேசிக்கிட்டு இருப்பேன். அவ போயிட்டா நான் யார்கிட்டப் பேசறது?"

டீச்சர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. இந்த மனிதர் பேசுவாரா? அதுவும் தினமும்?

நாத்தனார் பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா!" என்றார்.

"என்ன அண்ணி?"

"அந்த ஆளு மூணாவதா இவளைக் காட்டக் கையைத் தூக்கினாரே, எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. இவளை வாங்கிட்டுப் போய் நான் என்ன பண்ணுவேன்? என்கிட்ட இருக்கற ஆண் நாய் ரெண்டும் கர்னலோட பேரனுங்க. இவளுக்கோ ரெண்டு பக்கமும் கர்னல். அதுக்கும் மேல இன்னொரு கர்னலா? தாங்காது. வெளியில ஒருத்தனைத் தேடி நான் ஊர் ஊரா அலையணும். அப்புறம் புல்டாக்குக்குத் தானா எங்க பிரசவம் ஆகுது, பாதிக்கு மேல வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். போன தடவை இவ ஆத்தாளைக் கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருந்தப்பவே போதும் போதும்னு ஆயிடுச்சு."

"அப்ப ஏன் அண்ணி அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"குட்டி குடுக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க! நாங்க பேசிக்கற வழக்கம் அது. நான் சொன்னா நீ, அதெல்லாம் முடியாது அண்ணின்னு சண்டை போடுவேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா இப்பவே எடுத்துட்டுப் போங்கன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி தாராளமாச் சொல்லிட்டே. அப்புறம் நான் எப்படி இறங்கி வர்றது?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறேழு மாதமாக ஒருத்தி தரவேண்டுமே என்றும், இன்னொருத்தி வாங்கவேண்டுமே என்றும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கௌரவம் விட்டால்தானே.

அந்த வழியாக வந்த நடுவர் நின்றார். "அந்தக் குட்டி உங்களுதா? நல்ல குட்டிம்மா. இவ்வளவு புழுக்கத்துலயும் மூச்சுல சத்தமே இல்ல. அதைத்தான் நான் முதல்ல பாக்கறது. நிக்க மட்டும் பழக்குங்க."

"நிக்கத் தெரியும் சார், நல்லாவே நிப்பா," என்றார் டீச்சர். அதற்குள் அவர் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "அண்ணி, அடுத்த ஷோ எப்போ? அந்த வெள்ளைக்காரி நடை ஒண்ணும் பெரிய நடை இல்ல. நிபந்தனை கிபந்தனை எதுவும் இல்லாம வர்றோம்."

"வா. ஆனா இவனை வெளியில கட்டிப் போட்டுட்டு வா," என்று நாத்தனார் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார். அடி விழுந்த வேகத்தில் சரி சாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததா, அதற்கு முன்பே வந்திருந்ததா என்று சொல்வதற்கில்லை.

சாயங்காலம் கார் தெருவுக்குள் நுழைந்தபோது திரைகளெல்லாம் தயாராக விலகியிருந்தன. நாத்தனார் வண்டி பின்னால் வரவில்லை. பன்னுவின் தலை பின் ஜன்னலில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஒரு வீட்டுத் திரைக்குப் பின்னால் யாரோ சத்தமாக மூச்சு விட்டார், எந்த வீடு என்று கேட்காதீர்கள்.

கார் வாசலில் நின்றது. என்ஜின் அணைந்தது. ஆனால் யாரும் இறங்கவில்லை. ஓட்டுகிற இடத்தில் சரி சார் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காலையில பன்னுகிட்ட என்னதான் பேசுவீங்க என்று டீச்சர் வழியில் கேட்டாராம், அவ்வளவுதான். டீச்சர் அவர் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே சிரிப்பு. ஒருமுறை "அப்படியா? இதை ஏன் என்கிட்டச் சொல்லவே இல்ல?" என்பது மட்டும் வெளியே கேட்டது. மற்றதைக் கேட்கக் காதை எவ்வளவு நீட்டினாலும் பன்னுவின் குறட்டை குறுக்கே வந்தது.

தெருவிளக்கு எரிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள்தான் திரையை மூடிக்கொண்டு உள்ளே போனோம்.